கைப்பிரதிக்கு முன்னால்: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் சாட்சியாக இருப்பது எப்படி?

ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே கைப்பிரதிக் கட்டோடு, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரங்களோடு, தெருவில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆர்வம் நல்லதுதான். ஆனால் அந்தத் தெருவுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். மளிகைக்கடை நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு பாக்கி நிற்கிறது, குழாயடியில் எப்படிப் பேசுவீர்கள், மாமியாரை எப்படி நடத்துகிறீர்கள் எல்லாமே தெரியும். கடைக்காரரிடம் கைப்பிரதியை நீட்டினால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நோட்டுதான்.

தமிழ்நாட்டில், இந்துக் குடும்பங்கள் அதிகம் உள்ள தெருவில், வீட்டில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். வரிசை இதுதான்: முதலில் பாக்கி தீர்ப்பது, அடுத்து நல்லது கெட்டதில் கூட நிற்பது, யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்வது. 1 பேதுரு 3:15 “விசாரித்துக் கேட்கிற” எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. அப்படியானால் கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும். உங்களைப் பார்த்து ஒருவருக்குக் கேட்கத் தோன்ற வேண்டும்.

முதல் மாதம்: பேச்சே வேண்டாம்

ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல் எழுதுங்கள். யாருக்குப் பணம் தர வேண்டும், யாரிடம் வாங்கிய பொருள் இன்னும் திரும்பப் போகவில்லை, யாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. சீட்டுத் தவணை, மளிகை, பால்காரர், கல்யாணத்துக்குக் கைமாற்றாக வாங்கியது, எதிர்வீட்டு ஏணி, எதையும் விடாதீர்கள்.

சின்னத் தொகையிலிருந்து தொடங்குங்கள். 300 ரூபாய் பாக்கிதான் வாய்க்கு வாய் பேசப்படும். கொடுக்கும்போது “கர்த்தர் உணர்த்தினார்” என்று சேர்க்காதீர்கள். “தாமதமாயிடுச்சு அண்ணே, மன்னிச்சிடுங்க” போதும். மொத்தமாகத் தர முடியாத கடனுக்குத் தேதி சொல்லுங்கள்; அந்தத் தேதிக்கு முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். காசு கிடைக்காவிட்டாலும் அன்று போய் முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள். கடன் கொடுத்தவர் போன் செய்தபின் எடுக்காமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் அவர் கடை வழியே ஆராதனைக்குப் போனால், பிறகு நீங்கள் என்ன பேசினாலும் எடுபடாது.

இதற்குத் தஞ்சாவூரில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1779-ல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியபோது, அவர் நம்பி ஏற்றுக்கொண்ட ஆள், தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். அடுத்துவந்த போர்க்காலப் பஞ்சத்தில், பணம் வந்து சேருமா என்ற பயத்தில் விவசாயிகள் கோட்டைக்குத் தானியம் தர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் தாமே பொறுப்பேற்ற பிறகுதான் மாடுகள் தானியத்தோடு வந்தன. அவருடைய பிரசங்கங்களை மறந்த ஊர் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

சத்தம் அடுத்த விஷயம். அதிகாலை ஐந்து மணி ஜெபத்தைப் பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்காத அறைக்கு மாற்றுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல் என்றால் மைக் வைத்த வீட்டுக்கூட்டம் எங்கே நிற்கும் என்று பாருங்கள். அதே 2000-ல் சென்னைச் சபை ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தால் இரண்டை மட்டும் தவறாமல் கவனியுங்கள்: வருகிறவர்களின் செருப்பு அடுத்த வீட்டுப் படியில் கிடக்கக் கூடாது, வண்டி அடுத்தவர் கேட்டை மறிக்கக் கூடாது. கூட்டத்தை எதிர்த்து வருகிற புகார்களைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் ஒரு செருப்போ வண்டியோதான் கிடக்கும்.

பேச்சுமொழியையும் மாற்ற வேண்டும். அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால் வணக்கம். ஸ்தோத்திரம் சபைக்குள் இருக்கட்டும். “புறஜாதியார்”, “அஞ்ஞானிகள்”, “அந்தகாரத்தில் இருக்கிறவர்கள்” போன்றவை வீட்டுக்குள்ளும் வேண்டாம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டுபோய் அப்படியே வெளியில் சொல்லிவிடும்.

கொழுக்கட்டை வாசலுக்கு வரும்போது

முதல் சோதனை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் வரும். பிள்ளையார் சதுர்த்தி அன்று பக்கத்து வீட்டு அக்கா மூடிபோட்ட தூக்குச்சட்டியோடு நிற்பார். 1 கொரிந்தியர் 10-ல் 27-ம் வசனமும் 28-ம் வசனமும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் எதையும் விசாரிக்காமல் முன்னால் வைத்ததைச் சாப்பிடு என்கிறது முதலாவது. படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே என்கிறது இரண்டாவது. ஆகவே துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை. அவர் சொல்லிவிட்டால் இப்படிப் பேசிப் பாருங்கள்:

“இந்தாம்மா, சாமிக்குப் படைச்ச கொழுக்கட்டை, சூடா இருக்கு.”

“அக்கா, உங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா! படைச்சதுன்னு சொல்றீங்க, அதை மட்டும் நான் எடுத்துக்கிறதில்ல, தப்பா நெனைக்காதீங்க. படைக்காம சட்டியில மிச்சம் இருந்தா ரெண்டு குடுங்க, இங்கயே நின்னு சாப்பிடுறேன்.”

நின்று சாப்பிட வேண்டும், அதுதான் முக்கியம். மறுப்பு உணவுக்குத்தான், தனக்கு இல்லை என்று அவருக்கு அங்கேயே விளங்கிவிடும். பல வீடுகளில் அடுத்த வருடம் உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கே கெடுகிறது என்றால், சிரித்து வாங்கி உள்ளே கொண்டுபோய்க் குப்பையில் போடும்போது. வேலைக்கு வருகிற அம்மா பார்ப்பார், தெருவுக்கே தெரியும், அதோடு அது பொய்யும்கூட. வாசலில் நின்று பவுல் அதே அதிகாரத்தில் பேய்களைப் பற்றிச் சொன்னதை எடுத்து வீசுவதும் வேண்டாம். அவர் அதை எழுதியது சபைக்கு. சில சபைகள் இந்த விஷயத்தில் இன்னும் தாராளம், சில இன்னும் இறுக்கம்; உங்கள் போதகரிடம் ஒருமுறை பேசி ஒரே நிலையில் இருங்கள். ஒரு வருடம் வாங்கி, மறு வருடம் மறுத்தால்தான் மனவருத்தம்.

பொங்கல் வேறு கதை. கத்தோலிக்க ஆலயங்களிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றிலும் பொங்கல் வைக்கிறார்கள். “நாங்க கிறிஸ்டியன், பொங்கல் கொண்டாட மாட்டோம்” என்று நீங்கள் சொன்னால் பக்கத்து வீட்டார், “அப்போ அந்தக் கோயில்ல வெச்சாங்களே?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

திருப்பிக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். கிறிஸ்துமஸுக்குச் சைவ வீட்டுக்கு முட்டை கலந்த கேக் போகக் கூடாது. அச்சுமுறுக்கு அனுப்பலாம் என்று நினைப்பீர்கள். அந்த மாவிலும் முட்டை சேர்ப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். அவர்களுக்கென்று முட்டை இல்லாமல் தேங்காய்ப்பாலில் கரைத்து, முட்டைமாவு தொடாத எண்ணெயில் முதல் ஈடாகச் சுட்டு எடுத்துவிடுங்கள். தட்டை நீட்டும்போது கேட்குமுன்னே, “முட்டை போடலம்மா, தனியா சுட்டது” என்று சொல்லுங்கள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதீர்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தாருங்கள். தட்டுக்குள் வசனச் சீட்டு வேண்டாம்.

ஆபீசிலும் பட்டறையிலும் ஆயுத பூஜை

பூஜை அன்று லீவு போட்டு ஓடுவது பொதுவான பழக்கம். அதைவிட நல்ல வழி உண்டு.

1. இரண்டு நாள் முன்பே பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்: “தீபாராதனையில நான் நிக்கல சார், மத்த வேலை எல்லாம் நம்மகிட்ட விடுங்க.”
2. முதல் நாள் மெஷின் துடைப்பது, எண்ணெய் விடுவது, தரை கழுவுவது எல்லாவற்றிலும் கடைசி வரை நில்லுங்கள். 
3. பொரி, கடலை, பழம், ஸ்வீட்டுக்குப் பங்குப்பணம் கேட்டால் எல்லாரும் கொடுப்பதைக் கொடுங்கள். மனசாட்சி இடம்தராவிட்டால் டீச்செலவை முழுக்க ஏற்றுக்கொள்ளுங்கள்.
4. முடிந்ததும் வாசலில் உடைத்த பூசணிக்காயைக் கூட்டி ஓரம் தள்ளுங்கள். டூவீலர் வழுக்கி விழுவது வருடா வருடம் நடப்பதுதான், ஆனால் துடைப்பத்தை எடுக்க ஆள் இருக்காது.

வேலையில் சாட்சி என்று வரும்போது நேரத்துக்கு வருவதும், பொய் பில் போடாததும், ஜெபக்கூட்டத்துக்காக மேலாளரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லாததும்தான் முக்கால் பங்கு. கடைசியாகச் சொன்னது நிறையவே நடக்கிறது. மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டுவதா வேண்டாமா என்ற விவாதத்தில் எங்களுக்கு அக்கறை இல்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வசனம் போடாதீர்கள். நீங்கள் போட்டால் மற்றவர் போடுவதைக் கேட்க முடியாது. சரிபார்க்காத அற்புதச் செய்திகளை அனுப்புவது அதைவிட மோசம். ஒன்று பொய் என்று தெரிந்ததும், நீங்கள் சொல்லும் சுவிசேஷத்தையும் அதே கணக்கில் சேர்ப்பார்கள்.

துக்க வீடு

தமிழ்த் தெருவில் யாரையும் எடைபோடுகிற இடம் துக்க வீடு. கல்யாணத்துக்குப் போகாததை மறப்பார்கள், சாவுக்கு வராததை மறக்க மாட்டார்கள். செய்தி வந்த உடனே போங்கள். சொல்வதற்கு வார்த்தை தேட வேண்டாம். செய்ய வேலை இருக்கிறது:

குளிர்பதனப் பெட்டிக்குச் சொல்வது, நாற்காலி, பந்தல், தண்ணீர் கேன். பக்கத்து வீடாக இருந்தால் உங்கள் அடுப்பில் டீயும் குழந்தைகளுக்குப் பாலும். இரவு முழித்திருக்க ஆள் வேண்டும். முதல் இரவு இரண்டு மணிக்குமேல் கூட்டம் கரைந்துவிடும், அந்நேரம் உட்கார்ந்திருங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நினைவுக்கு வராது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். மாலை போடலாமா என்று கேட்பார்கள். இறந்தவருக்கு மரியாதையாக மலர் வைப்பதைப் பெரும்பாலான சபைகள் தடுப்பதில்லை. “இரட்சிக்கப்படாமல் போய்விட்டாரே” என்று அங்கே நின்று முணுமுணுக்கிறவர் இனி அந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

சொந்த வீட்டில் மூத்த மகனாக இருந்து கொள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கடினம்தான். அன்றைக்கு அதை முடிவுசெய்ய முடியாது, பிணத்தை வைத்துக்கொண்டு சண்டைதான் வரும். அப்பா நன்றாக இருக்கும்போதே தம்பியோடும் சித்தப்பாவோடும் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் செய்ய முடியாதது எது என்பதைவிட, செய்யப்போவது எது என்பதை முதலில் சொல்லுங்கள்: மருத்துவச் செலவு, பாடை சுமப்பது, சுடுகாடு வரை நடந்து வருவது, பதினாறாம் நாள் சாப்பாட்டுச் செலவில் பாதி. அப்பாவை உயிரோடு இருக்கும்போது கவனித்த மகனை ஊர் எளிதில் மன்னிக்கும். சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் போக வேண்டியிருந்ததைச் சொன்னபோது எலிசா தீர்க்கதரிசி அவனைச் சமாதானத்தோடே போகச் சொன்னான் (2 இராஜாக்கள் 5). அந்தப் பகுதியைப் போதகரோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

நோயாளி வீட்டில் ஜெபம்

கேளுங்கள்: “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா? இங்கயா, நான் வீட்டுல போய் ஜெபிக்கட்டுமா?” இரண்டு வழியும் கொடுத்தால்தான் அவரால் தயங்காமல் மறுக்க முடியும். வீட்டுப் பெரியவர் இல்லாத நேரத்தில் வேண்டாம். ஒரு நிமிடம் போதும், சாதாரணக் குரலில், அவர் பெயரைச் சொல்லி. தலையில் கை வைப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு வையுங்கள். சுகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்து என்று சொல்வது பாவம், ஆபத்தும் கூட. மூன்று நாள் கழித்துப் போனால், “ஜெபிச்சது எப்படி இருக்கு?” என்று கேட்க வேண்டாம், “காய்ச்சல் விட்டுதா?” போதும்.

கேட்டுவிட்டார்கள், என்ன சொல்வது?

“நீ ஏன் மாறினே?” என்ற கேள்வி பேருந்து நிறுத்தத்தில், துணி காயப்போடும் மாடியில், எதிர்பாராத நேரத்தில் வரும். இரண்டு நிமிடப் பதில் தயாராக இருக்க வேண்டும். தமிழில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 200 சொல். அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசியதை (அப்போஸ்தலர் 26) அளவாக எடுத்துக்கொள்ளலாம்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, பிறகு என்ன. முதல் பகுதிக்கு நான்கு வாக்கியம், நடுவுக்கு நான்கு, கடைசிக்கு மூன்று.

எழுதி, சபைக்கே வராத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற சொல்லை அடியுங்கள். “பாவச் சேற்றில் கிடந்த என்னைத் தூக்கியெடுத்து இரட்சித்தார்” என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. “கோபம் வந்தா கையில இருக்கிற பாத்திரத்தை எறிவேன். என் பொண்ணு என்னைப் பார்த்தா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா. இயேசு மன்னிக்கிறவர்னு வாசிச்சப்போதான், நானும் மன்னிப்புக் கேட்கணும்னு முதல்முறையா தோணுச்சு” என்றால் புரியும். மூன்றாவது பகுதியை நடந்ததை மட்டும் வைத்து எழுதுங்கள். இன்னும் கோபம் வருகிறதென்றால் வருகிறது என்றே சொல்லுங்கள், உங்கள் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பழைய சாமியைக் குறை சொல்லி ஒரு வாக்கியமும் வேண்டாம். கேட்கிறவர் காலையில் அந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். “நோய் தீர்ந்தது, அதனால் நம்பினேன்” என்பது மட்டுமே உங்கள் கதையாக இருந்தால், அடுத்தமுறை காய்ச்சல் வரும்போது நம்பிக்கையும் கேள்விக்குள்ளாகும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அவர் டீ குடிக்கலாம் என்றால் டீ குடியுங்கள்.

சில கேள்விகளுக்கு நேர்மையைத் தவிர வேறு பதில் இல்லை. “உங்க சபையிலயும் சாதி இருக்கே?” என்பது அதில் தலையாயது. இருக்கிறது. கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயர் அச்சாகிறது. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரித்த ஊர்கள் உண்டு. மழுப்பாமல் ஒத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நீங்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், யாருக்கு எந்த டம்ளரில் காபி தருகிறீர்கள் என்பதைத் தெரு பார்த்துக்கொள்ளும்.

உதவியும் சட்டமும்

அரிசி, கல்விக்கட்டணம், கடன், எது கொடுத்தாலும் அதோடு கைப்பிரதி வைக்காதீர்கள், சபைக்கு அழைக்காதீர்கள். வாங்கியவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். “ஆசை காட்டி” என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் கிளம்புகிறது, பல நேரம் நியாயமாகவே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அழைத்தால் அங்கே பைபிள் கதைதான் சொல்லித் தருவார்கள் என்பதை அப்பா அம்மாவிடம் தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். “டிராயிங் கிளாஸ்” என்று சொல்லிக் கூட்டிப்போவது ஏமாற்று.

அரசியலமைப்பின் 25-ம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. பரப்புவது என்றால் உன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச்சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உத்தரப்பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. வேலைக்காக அங்கே போகிறவர்கள் உள்ளூர்ச் சபையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவர் தாமாக ஆராதனைக்கு வர விரும்பினால்

எத்தனை மணிக்கு முடியும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரம். செருப்பைக் கழற்ற வேண்டுமா, ஆண் பெண் தனித்தனியாக உட்கார்வார்களா, முக்காடு உண்டா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பின்வரிசையில், வெளியே போக வசதியான ஓரத்தில், அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம் என்று போதகரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காணிக்கைப் பை வரும்போது, “இது சபையாருக்குத்தான், நீங்க போட வேண்டாம்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். திருவிருந்து நாளாக இருந்தால் வேறு ஞாயிறுக்கு மாற்றுவது நல்லது.

மாதங்கள் கழித்து அவர் ஞானஸ்நானம் பற்றிக் கேட்டால், பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்கும்பட்சத்தில் ஒன்றை மறைக்காதீர்கள். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலை எல்லாம் இதில் அடங்கும். சான்றிதழில் ஒன்று, ஞாயிறன்று ஒன்று என்று இரண்டு வாழ்க்கை வாழச் சிலர் யோசனை சொல்வார்கள். அதை நீங்கள் சொல்லாதீர்கள். கணவனும் மனைவியும் பேசி முடிவெடுக்க எத்தனை மாதம் வேண்டுமோ அத்தனை மாதம் கொடுங்கள். நடுவில் தேதி கேட்டுப் போன் செய்ய வேண்டாம்.